இருபத்தெட்டாவது கல்

தருமபுரியைச் சுற்றிய கிளைச் சாலைகளில், சாலையை அகலப்படுத்தும் வேலைக்குத் தப்பி நிற்கும் புளியமரங்களுக்கு இடுப்பில் பட்டை அடித்து எண் போட்டிருப்பார்கள். காய்ப்பை ஏலம் விடுவதற்காக நெடுஞ்சாலைத் துறை வைத்திருக்கும் கணக்கு அது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கணக்கை என் சொந்த வேலைக்குக் கடன் வாங்கிக்கொண்டேன்.

என் மகனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். 'தரும' வரைக்கும் வருவதற்குள் மூச்சு வாங்கும். 'புரி' வருவதற்குள் சலிப்பு வந்துவிடும். ஆகவே அவனுக்காக நான் தயாரித்த சீட்டில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஒரு மரம் வரைந்து, பக்கத்தில் பெரிய வட்டம் இரண்டு, சின்ன வட்டம் ஏழு போட்டிருந்தேன். "பெரிசு ஒண்ணுன்னா பத்து" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பேருந்தை விட்டு இறங்கியதும் சீட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "பத்து, இருபது... இருபத்தி ஏழும்மா!" என்று கத்திவிட்டு மரங்களைப் பார்த்து ஓடினான்.

துப்புச் சீட்டைப் பிடித்துக்கொண்டு போய் ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் இந்த விளையாட்டுக்கு இங்கிலாந்தில் லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். தபால்பெட்டிக்கும் இதற்கும் இன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரில் மட்டும் பழைய கதை தங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பாறை மேட்டுநிலம் உண்டு. 1854-இல், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே கிரான்மியர் குளம் என்ற இடத்தில் கற்களைக் குவித்து அதற்குள் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். பெயர்தான் குளம்; தண்ணீர் வடிந்துபோன சேற்றுப் பள்ளம் அது. அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைக் குடுவைக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு கடிதமும் அஞ்சலட்டையும் போட ஆரம்பித்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துக்கொண்டுபோய் ஊரில் தபாலில் சேர்ப்பார். கடைசியில் ரப்பர் முத்திரை வந்தது. இன்று பெட்டிக்குள் ஒரு முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். பெட்டியின் முத்திரையை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். உங்கள் முத்திரையை அதன் நோட்டில் பதிக்க வேண்டும். இருந்த இடத்திலேயே பெட்டியை மறைத்துவிட்டு வரவேண்டும். எந்த இடம் என்பது துப்புச் சீட்டில் இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்துக்குப் போட்டிருந்த தடையை அமெரிக்கா நீக்கியது. அடுத்த ஒன்றிரண்டு நாளிலேயே செயற்கைக்கோளின் துணையோடு இதே விளையாட்டை ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஆறு வயதுக்காரனுக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. செல்போன் வழி சொன்னால் குழந்தை செல்போனைத்தான் பார்க்கும்.

பெரிசும் சின்னதுமாக வட்டம் போடும் யோசனை என்னுடையது அல்ல. இதே வட்டாரத்தில் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்தச்சர் வெட்டியதைத்தான் காப்பியடித்தேன்.

அதியமான் பெருவழி என்று ஒரு சாலை இந்தப் பக்கம் ஓடியது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிற்பட்டு, சோழர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான்களின் சாலை. தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தப் பெருவழியில் நட்டிருந்த தூரக் கற்களில் இரண்டு இங்கே கிடைத்திருக்கின்றன. சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்று, நாவல்தாவளத்துக்கு 27 காதம் என்கிறது. மற்றொன்று, அதே ஊருக்கு 29 காதம் என்கிறது. தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தங்கும் இடம். மூட்டையேற்றிய மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவனுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அதனால் கல்லில் எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, அதோடு குழிகளும் இருக்கின்றன. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. இரண்டு பெரிய குழியும் ஏழு சின்னக் குழியும் இருந்தால் இருபத்தேழு.

முதலில் படத்தில் பார்த்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்த ஒரு சலுகை என்றுதான் நினைத்தேன். மகனுக்கு எண் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குழிகளின் சாமர்த்தியம் பிடிபட்டது. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்குத் தனிக் குறி உண்டு: ௰. இருபத்தேழை ௨௰௭ என்று எழுதுவார்கள். இரண்டு, பத்து, ஏழு. வாயால் சொன்னாலும் அதே வரிசைதான்: இரு, பத்து, ஏழு. கல்லைத் தடவினாலும் அதுதான் கிடைக்கிறது. நாக்கு, எழுத்து, விரல் மூன்றுக்கும் ஒரே இலக்கணம். இன்று பள்ளிக்கூடத்தில் 27 என்று எழுதும்போது, அந்த 2 இடத்தினால் இருபதாகிறது என்பதைக் குழந்தை தனியாக நம்ப வேண்டியிருக்கிறது. என் மகன் அதை இன்னும் முழுதாக நம்பவில்லை. பெரிய குழியை உடனே நம்பினான்.

பத்தாகக் கட்டாமல் இருபத்தேழு குழிகளையும் ஒரே அளவில் வெட்டியிருந்தால் என்ன? வெட்டியும் இருக்கிறார்கள். சேலம் மாவட்டத்து ஆறகழூரில் ஒரு தூரக் கல் உண்டு. காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்று சொல்லும் கல். அதில் பதினாறு குழிகள். ஒவ்வொன்றாக எண்ணிப் போகலாம். தப்பாது என்று சொல்ல முடியாது. எங்கே தப்பும் என்பதை 1871-இலேயே ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் என்ற பொருளியலாளர் ஒரு பெட்டிக்குள் கறுப்பு அவரை விதைகளைக் கைப்பிடியாக வீசி, ஒரு பார்வை பார்த்து, எத்தனை என்று எண்ணாமலே சொல்லிப் பழகினார். ஆயிரம் தடவைக்கு மேல். மூன்று, நான்கு வரைக்கும் ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஐந்தில் தப்பு எட்டிப் பார்த்தது. எண்ணிக்கை ஏற ஏறத் தப்பும் ஏறியது. நான்கு வரைக்கும் நமக்கு எண்ண வேண்டியதில்லை, பார்த்தாலே போதும் என்பதை அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது செய்தியே அல்ல. பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்வார்கள். ஆட்டம் ஓடுகிற வேகத்தில் யாரும் அந்த நாலை எண்ணிப் பார்ப்பதில்லை. கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். பசுவுக்கு ஐந்து என்று விதி வைத்திருந்தால் ஆட்டத்தில் பாதி நேரம் சண்டையில் போயிருக்கும் என்பது என் ஊகம். அதியமான் கல்லில் இரண்டு பெரிய குழிகள் பார்த்தவுடன் பிடிபடுபவை. ஏழு மட்டும் கொஞ்சம் எண்ண வேண்டியது. ஆக மொத்தம் எண்ணும் வேலை இருபத்தேழிலிருந்து ஏழுக்கு இறங்கிவிட்டது. இருட்டில், விரல் நுனியால் தடவுகிறவனுக்கு இது பெரிய உபகாரம்.

குழிக்கு இன்னொரு குணமும் உண்டு. என் மகன் 7 என்ற எண்ணை இன்றும் சில நாள் இடம் வலம் மாற்றி எழுதுவான். இது மக்குத்தனம் அல்ல. மாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் ஒரே மாடுதான் என்று அடையாளம் காணும் வகையில்தான் மனித மூளை அமைந்திருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதை வாசிக்கக் கற்கும்போது மூளை தனியாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவரை உலகெங்கும் குழந்தைகள் கண்ணாடி எழுத்து எழுதுவார்கள். குழிக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குழி குழிதான்.

இருபத்தேழாம் மரம் கிடைத்துவிட்டது. அதன் வேர்ச் சந்தில் இரண்டாம் சீட்டை முந்தைய நாளே செருகி வைத்திருந்தேன். அதில் ஒரு கரடு வரைந்திருந்தது, ஒரு கோழி வரைந்திருந்தது, ஒரே ஒரு சின்ன வட்டம். இதை அவனால் வாசிக்க முடியவில்லை. "கோழி கூவுது... ஒண்ணு?" என்று இழுத்தான். கோழிக்கு ஒரு நாழிகை என்று அர்த்தம் வைத்திருந்தேன். மோசமான துப்புதான், ஒப்புக்கொள்கிறேன். கரட்டைப் பார்த்து ஒரு நாழிகை நேரம் நடக்க வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

நாழிகை 24 நிமிடம். காதத்தைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. ஏழரை நாழிகை நடக்கிற தூரம் ஒரு காதம் என்பது பழைய வாய்பாடு. ஏழரையை 24-ஆல் பெருக்கினால் 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம், ஒரு சாமம். ரோமானியர்கள் மைலை ஆயிரம் இரட்டைத் தப்படி என்று காலடியால் அளந்தார்கள். நம்மவர்கள் பொழுதால் அளந்தார்கள். 'சேலம் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்' என்று இன்று பேருந்தில் சொல்கிறோமே, அந்தக் கணக்கு.

மூன்று மணி நேரத்தில் எவ்வளவு தூரம்? காதத்துக்குச் சுமார் பத்து மைல் என்கிறது தமிழ் லெக்சிகன். அதாவது 16 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல். கையை வீசி நடக்கிறவனுக்குச் சரி. ஆறகழூர்க் கல் வேறு மாதிரி சொல்கிறது. ஆறகழூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 170 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் காதத்துக்குப் பத்தரைக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. சாலை நேர்கோட்டில் போகாது, ஆறும் மேடும் சுற்றிப் போகும் என்பதற்கு எட்டில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் பன்னிரண்டு. மணிக்கு நான்கு கிலோமீட்டர். சுமையோடு மாடு போகும் வேகம்! பதினாறு குழி வெட்டியவர் மனதில் இருந்தது வெறுங்கையன் அல்ல, மூட்டை தூக்கியவன் என்று இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். இதே காதத்தை அதியமான் கல்லில் வைத்துப் பார்த்தால் 27 காதம் முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு நாளைக்கு இரண்டு காதம் போனால் ஏறக்குறைய இரண்டு வார நடை. வழிநெடுக அந்தக் குழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவதைப் பார்க்கும் சுகம் எப்படி இருந்திருக்கும்!

மகனோடு நடந்ததில் நாழிகைக் கணக்கு சீக்கிரமே உதைத்தது. நான் சாதாரணமாகத்தான் நடந்தேன். அவன் அடிக்கடி ஓடி ஓடி என்னைப் பிடித்தான். சோம்பல் இல்லை, இயற்பியல். நடக்கும்போது ஊன்றிய காலை மையமாக வைத்து உடம்பு ஒரு சின்ன வில்லைப் போல மேலெழும்பி இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் மாதிரி. அந்த வில்லிலேயே உடம்பைப் பிடித்து வைத்திருப்பது புவியீர்ப்பு. கால் குட்டையானால் வில் குறுகலாகும். குறுகலான வளைவில் வேகமாகப் போனால் ஈர்ப்பு போதாமல் பாதம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பினால் அதற்குப் பெயர் ஓட்டம். என் கால் 85 சென்டிமீட்டர் இருக்கும். மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் எனக்கு ஓட வேண்டிவரும். அரை மீட்டர் காலுக்கு ஐந்தரையிலேயே நடை முடிந்து ஓட்டம் தொடங்கிவிடும். சௌகரியமான வேகமும் கால் நீளத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்தே குறைகிறது. என் காதம் பன்னிரண்டு என்றால் அவனுடையது ஒன்பதுதான். நெரிசலில் கையைப் பிடித்துக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போகிற நாம் எல்லோரும் அவர்களை ஓட வைத்துக்கொண்டிருக்கிறோம்.

காலின் நீளத்தை மாற்றினால் தூரக் கணக்கு என்ன ஆகும் என்று எறும்பிடமே கேட்டவர்கள் உண்டு. துனீசியாவின் உப்புப் பாலையில் ஒருவகை எறும்பு இரை தேடி வளைந்து வளைந்து போகும். கிடைத்ததும் நேர்கோட்டில் புற்றுக்குத் திரும்பும். அங்கே வழியடையாளம் எதுவும் கிடையாது. 2006-இல் வெளிவந்த ஆய்வில் விட்லிங்கர், வேனர், வோல்ஃப் மூவரும் எறும்புகளைப் பத்து மீட்டர் தூரம் போகவிட்டு, இரை இருந்த இடத்தில் பிடித்தார்கள். சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். சிலவற்றின் காலைக் கொஞ்சம் கத்தரித்தார்கள். பொய்க்கால் எறும்புகள் புற்றைத் தாண்டிப் பதினைந்து மீட்டர் வரை போய் அங்கே புற்றைத் தேடின. குட்டைக்கால் எறும்புகள் ஆறு மீட்டருக்குள்ளேயே நின்று தேடின. ஆக, எறும்பு தன் அடிகளை ஏதோ ஒரு விதத்தில் கணக்கு வைக்கிறது. அதே பொய்க்காலோடு மறுபடி புற்றிலிருந்து கிளம்பவிட்டபோது சரியாக வீடு திரும்பின. போகும்போதும் வரும்போதும் ஒரே கால் அல்லவா.

இதைக் கதையாகச் சொன்னதும் அவனுக்குப் பொய்க்கால் எறும்பு பிடித்துப்போய்விட்டது. பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்த்தவன். அதன் பிறகு கரடு வரும் வரை தன் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தான். நூறு வந்ததும் மறந்துவிடும். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பையில் போடச் சொன்னேன். இதுவும் காப்பிதான். வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத திபெத்தை 1860-களில் இந்திய நில அளவைத் துறைக்காக ரகசியமாக அளந்த நயின் சிங், யாத்ரீகன் போல ஜபமாலை உருட்டிக்கொண்டே நடந்தார். மாலையில் 108 மணி இருக்க வேண்டும்; அவரிடம் இருந்ததில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் மாலை ஒரு சுற்று வரும்போது பத்தாயிரம் அடி. எங்கள் கரட்டுக்குப் பதினெட்டுக் கொட்டை ஆயிற்று. வழியில் இரண்டை வாயில் போட்டுக்கொண்டதாக ஒப்புக்கொண்டான். இருபது என்று வைத்துக்கொண்டோம்.

மார்கழிக் காலைக் குளிர் இன்னும் விடவில்லை. தூரத்தில் ஒரு கொட்டாயிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல் பக்கத்தில் நின்று கூப்பிடுவது போலக் கேட்டது. பழைய அளவையில் கூப்பிடு தூரம் என்பதும் ஒரு கணக்கு. நாலு கூப்பிடு ஒரு காதம் என்பார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர்க் காதத்தில் கால் பங்கு மூன்று கிலோமீட்டர். அவ்வளவு தூரம் குரல் கேட்குமா என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. வெயில் நேரத்தில் கேட்காது. தரையோரக் காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ந்தும் இருந்தால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். விடியற்காலையில் அது தலைகீழ். தரை குளிர்ந்து, மேலே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து நிலத்தோடு தவழ்ந்து வரும். கூப்பிட்டு அளந்தவர்கள் கோழி கூவும் நேரத்தில் அளந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் மூன்று கிலோமீட்டர் அத்தனை அதிகமும் இல்லை.

கரட்டின் அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே நீளமாக வளர்ந்திருந்த கோரையைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். மகன் அதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. இது இன்னும் பழைய துப்பு. மலைபடுகடாம் என்ற சங்க நூல், பக்கத்துச் செங்கத்தில் இருந்த நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறாமல் இருக்க, பாதை கூடும் இடத்தைச் சுத்தம் செய்து புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்று அதில் ஓர் அறிவுரை வருகிறது. போகும் ஊர்ப்பெயரை வழிப்போக்கர் அறியட்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருப்பதையும் அதை ஒட்டியே சொல்கிறது. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருந்தோம். போய் வந்தவன் போகிறவனுக்கு வழி சொல்வதுதான் அதன் பொருள். பெட்டிக்குப் பதில் கடைசியில் ஒரு வள்ளல் இருப்பான், அவ்வளவுதான்.

பாறைமேல் ஏறியதும் வரிசையாகக் குழிகள் தெரிந்தன. நான் வைத்த துப்பு அல்ல. பையன் குதித்தான். "அம்மா, ஒம்பது! சின்னது ஒம்பது!" குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரே நேர்கோட்டில், சாண் இடைவெளியில், நீள்சதுரக் குழிகள். கல் உடைக்கிறவர்கள் ஆப்பு இறக்க வெட்டியது. குழிக்குள் ஆப்பை வைத்து ஒவ்வொன்றாக, மாற்றி மாற்றிச் சம்மட்டியால் தட்டிக்கொண்டு வந்தால், குழிக்குக் குழி விரிசல் ஓடிச் சேர்ந்து, பாறை தோசை போலப் பிளந்து கொடுக்கும். கல்லுக்கு அமுக்கினால் பலம் அதிகம், விரித்தால் கொஞ்சம்தான். ஆப்பு செய்வது விரிக்கும் வேலை. இந்த வரிசையை யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, மழைநீர் தேங்கித் தேங்கித் தின்ற வட்டக் குழிகளும் இருந்தன. உளிக் குழிக்கு விளிம்பு நறுக்கென்று இருக்கும், மழைக் குழிக்கு வழவழவென்று இருக்கும் என்று அவன் விரலை வைத்தே காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். லெட்டர்பாக்ஸிங் பிறந்த டார்ட்மூரின் கருங்கல்லும் கிழவிதான், ஆனால் 28 கோடி. எங்கள் கரட்டுக்குப் பேத்தி முறைகூட வராது. இந்தப் பாறைகள் உருவான காலத்தில் காற்றில் மூச்சுவிடுமளவு ஆக்ஸிஜன்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட கல்லில் எழுநூறு வருஷ மழை என்ன செய்துவிடும்? மேலோட்டமாகக் கீறிய எழுத்தின் ஓரங்களை மழுக்கும். கட்டைவிரல் ஆழத்துக் குழியைத் தொட அதற்கு இன்னும் நிறைய மழை வேண்டும். எழுத்தே தேய்ந்துபோனாலும் எண் மிச்சமிருக்கும்.

பெட்டி இருந்தது ஒரு குண்டுப் பாறையின் இடுக்கில். பழைய முறுக்கு டப்பா. இடுக்கில் கை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது கரட்டுக்குப் போகும் எவருக்கும் தெரிந்த விதி. தேள் இல்லை, ஓர் அரணை நிதானமாக வெளியேறியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகு நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னாம்மா தேடறீங்க? நகை கிகை வுட்டுட்டீங்களா?"

"இல்லீங்க ஐயா. பையன் டப்பா தேடி வந்தான்."

"டப்பாவா?"

"தாத்தா, நீங்களும் குத்துங்க" என்று மகன் டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு நோட்டு, மைப்பட்டை, வெண்டைக்காய் இரண்டு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறையுள்ள பூ. அதுதான் எங்கள் முத்திரை. அவனுக்கென்று ஒரு ரப்பரில் நான் செதுக்கி வைத்த முத்திரையும் இருந்தது. அதில் 7 இடம் வலம் மாறி இருந்ததைப் பார்த்து, "தப்பா எழுதிட்டியேம்மா" என்றான். காகிதத்தில் குத்தியதும் சரியாக விழுந்தது. மறுபடி முத்திரையைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான். தான் எழுதுகிற 7-தான் இத்தனை நாளும் சரி என்ற முடிவுக்கு வந்துவிட்டானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பெரியவர் வெண்டைக்காயை வேண்டாமென்று சொல்லி, கட்டைவிரலை மையில் தோய்த்து நோட்டில் ஒற்றினார். "நமக்கு எப்பவும் இதாம் கண்ணு" என்றார். பிறகு குழிக் கல் கதையை நான் அவருக்கும் சொன்னேன். இருபத்தேழு காதக் கல்லும் இருபத்தொன்பது காதக் கல்லும் கிடைத்தது என்றபோது மகன் குறுக்கே வந்தான்.

"அப்ப இருபத்தெட்டு?"

எனக்கு இது தோன்றவே இல்லை. எத்தனை தடவை அந்த இரண்டு எண்களையும் சேர்த்து வாசித்திருக்கிறேன்! காதத்துக்கு ஒரு கல் என்று நட்டிருந்தால் 27-க்கும் 29-க்கும் நடுவில் ஒன்று நின்றிருக்க வேண்டும். இரண்டு பெரிய குழி, எட்டுச் சின்னக் குழி. அதற்கு இந்தப் பக்கம் 30, மூன்று பெரிய குழிகள் மட்டும். அந்தப் பக்கம் 26.

"எங்கனா வரப்புல கெடக்கும்" என்றார் பெரியவர். "கெணத்து மோட்டுல துணி தொவைக்கப் போட்டிருப்பாங்க. படிக்கல்லா போட்டிருப்பாங்க. குழி உள்ள பக்கத்த அடியில தள்ளித்தான் போடுவாங்க. சமமா இருக்கற பக்கந்தான மேல வரணும்."

இறங்கி வரும் வழியெல்லாம் ஒவ்வொரு கல்லாக நின்றோம். வரப்பில் கிடந்த பலகைக்கல், கிணற்றடிக் கல், ஒரு மாட்டுத் தொட்டியின் முட்டுக்கல். ஒரு நாழிகையில் வந்த வழியைத் திரும்பிப் போக மூன்று நாழிகை பிடித்தது. தார்ச்சாலையோரத்துக் கிலோமீட்டர்க் கல்லையும் அவன் விட்டுவைக்கவில்லை. பச்சைத் தலை போட்ட மாநில நெடுஞ்சாலைக் கல். மைல் போய் அறுபது வருஷம் ஆனாலும் இன்னும் மைல்கல் என்றுதான் சொல்கிறோம். அதைச் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்ல, வெறும் எழுத்துதான்" என்று கைவிட்டான்.

மறுநாள் விடிகாலை கோலம் போட வாசலுக்குப் போனேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவன் ஈரத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். கை முழங்கை வரைக்கும் எங்கள் வீட்டுப் படிக்கல்லுக்கு அடியில் இருந்தது.